மொறிஸ் மைனருக்குப் பழைய எஞ்சின் வாங்குவது: இலக்கத் தகட்டிலிருந்து கிராங் வரை

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் "அசல் 1098 சிசி, எஞ்சின் இலக்கத் தகட்டைப் பாருங்கோ" என்று சொல்லித் தந்த எஞ்சினை லொறியில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுவந்து சேர்த்தேன். தகட்டில் 1098-இன் குறியான 10எம்ஏ என்றுதான் இருந்தது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி சிலிண்டர் வாயின் அகலத்தை அளந்தேன். 64 மில்லிமீற்றரும் கொஞ்சமும். 1098-க்கு 64.58 வரவேண்டும். என் பழைய அளவுகோலின் பிழையாக்கும் என்று விட்டுவிட்டேன். லேத்துக்கார அண்ணை அப்படி விடவில்லை. பிஸ்ரனை அடியிலிருந்து உச்சிக்குக் கொண்டுவந்து அந்தத் தூரத்தை அளந்துவிட்டுச் சிரித்தார். 76 மில்லிமீற்றர். 1098-இல் அந்தத் தூரம், அதாவது ஸ்ரோக், 83.72. நான் காசு கொடுத்து வாங்கியது 948. அறுபது தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) றீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, பச்சைப் பெயின்ற் அடித்து, வேறொரு எஞ்சினின் தகட்டை றிவெற் பண்ணிவிட்ட 948.

அதனால் இந்த வழிகாட்டியின் ஒழுங்கு வழமைக்குத் தலைகீழ். விற்பவர் ஸ்ராட் பண்ணிக் காட்டுவதில் தொடங்குவார். நீங்கள் அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் அது என்ன எஞ்சின் என்பது, பிறகு சிலிண்டர்கள் இருக்கும் உடம்பான புளொக், பிறகு பிஸ்ரன்கள் சுழற்றும் தண்டான கிராங். காசு கொடுப்பது இந்த இரண்டு சாமானுக்கும்தான். மைனரின் தலைவால்வு (வால்வுகள் ஹெட்டில் இருக்கும்) எஞ்சின்கள் எல்லாம் ஏ-சீரீஸ் குடும்பம். 1951-இல் ஒஸ்ரின் ஏ30-உடன் வந்து, 2000-இல் பழைய மினி நிற்கும் வரை ஓடிய குடும்பம் அது. பிஸ்ரன், றிங், பெயரிங், வால்வு, ரைமிங் செயின், கஸ்கெற் எல்லாம் இன்றைக்கும் புதிதாக வாங்கலாம். வெடித்த புளொக்குக்கும் முறிந்த கிராங்குக்கும் மட்டும் இன்னொரு பழைய எஞ்சினைத்தான் தேடவேண்டும்.

உங்கள் கார் எதைக் கேட்கிறது

மைனர் 1948-இல் வந்தது. முதல் வந்த சீரீஸ் எம்எம் கார்களில் 918 சிசி பக்கவால்வு எஞ்சின். அது வேறு சாதி. இங்கே சொல்லும் பலதும் அதற்குப் பொருந்தாது. 1952-இல் தொடங்கிய சீரீஸ் 2-இல் 803 சிசி. 1956-இல் மைனர் 1000 என்ற பெயரோடு 948. 1962-இலிருந்து 1098. முன்கண்ணாடி நடுவில் பிரிந்த கார் என்றால் 918 அல்லது 803-உடன் பிறந்தது. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் 948 அல்லது 1098. நம்பர் பிளேற் காரின் வயதைத்தான் சொல்லும். அறுபது வருசத்தில் எஞ்சின் எத்தனை தரம் மாறியதோ, யாருக்குத் தெரியும்.

பலம் 803-க்கு 30 குதிரைவலு, 948-க்கு 37, 1098-க்கு 48. இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் 1098-இல்தான் ஆசை வரும். வரட்டும், ஆனால் மூன்று விசயத்தைக் கணக்கில் எடுங்கள். 803 காரின் பின் டிபரன்சல் 5.375-க்கு ஒன்று, 948-இல் 4.55, 1098-இல் 4.22. எண் கூடினால் சில்லின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் கூடச் சுற்றவேண்டும்; 803 காரில் 1098-ஐ மட்டும் ஏற்றினால் ஏ9 வீதியில் எஞ்சின் கத்திக்கொண்டே போகும். இரண்டாவது கிளச்: 948-க்கு 6¼ அங்குலம், 1098-க்கு 7¼. ஆகவே எஞ்சினை பிளைவீல், கிளச், பின்தகடு, முடிந்தால் கியர்பொக்ஸ் எல்லாவற்றோடும் சேர்த்துக் கேளுங்கள்; தனித்தனியாகத் தேடினால் அலைச்சல். மூன்றாவது பிரேக். 1098 வந்தபோது முன் டிரம் 7 அங்குலத்திலிருந்து 8 ஆனது சும்மா இல்லை.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு பொறி உண்டு. "ஏ 40 எஞ்சின் ஒன்று கிடக்கு, மைனருக்குச் சரிவரும்" என்பார்கள். எந்த ஏ 40? சொமர்செற்றில் இருப்பது பழைய 1200. கேம்பிறிட்ஜில் இருப்பது பி-சீரீஸ் 1200. இரண்டும் மைனருக்கு ஒட்டாது. பின்னால் வந்த சின்ன ஏ 40 பரீனாவில் மட்டும்தான் ஏ-சீரீஸ் 948-உம் 1098-உம். ஒரே பெயரில் மூன்று எஞ்சின். மினி எஞ்சினும் அப்படித்தான். குடும்பம் ஒன்று என்றாலும் அது குறுக்கே படுத்த எஞ்சின். அடியில் கியர்பொக்ஸ், ஒயில் உறிஞ்சும் வழியும் பின்தகடும் வேறு. வேலை செய்து மாற்றலாம், ஆனால் அந்த வேலைக்கு ஆகும் செலவைச் சொல்லாமல்தான் விற்பார்கள்.

தகடு, வார்ப்பு, ஸ்ரோக்

எஞ்சின் இலக்கம் புளொக்கின் வலது பக்கத்தில், டைனமோவைப் பிடிக்கும் பிறாக்கெற்றுக்கு மேலே இருக்கும். 803 என்றால் ஏபிஎச்எம் என்று தொடங்கும். 948 என்றால் 9எம். 1098 என்றால் 10எம்ஏ. அதற்குப் பின் வரும் எழுத்துகளில் எச் அல்லது எல் ஒன்று இருக்கும். எச் உயர் கம்பிறெஷன், எல் தாழ் கம்பிறெஷன்; சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதுதான் கம்பிறெஷன். 948-இல் எச் 8.3-க்கு ஒன்று, எல் 7.2. 1098-இல் 8.5-உம் 7.5-உம். நல்ல பெற்றோல் கிடைக்காத நாடுகளுக்கென்று செய்ததுதான் எல். அதில் குறை ஒன்றும் இல்லை, பிறகு கம்பிறெஷன் அளக்கும்போது இந்த எழுத்தை மறக்காமல் இருந்தால் சரி.

தகடு கழற்றிப் பூட்டக்கூடியது. றிவெற் புதிதாய் மினுங்கினால், தகட்டின் ஓரத்தில் நெம்பிய காயம் இருந்தால், இரண்டுக்கும் கீழே பெயின்ற் ஓடியிருந்தால், அதை நம்பவேண்டாம். வயர் பிரசும் பெற்றோல் நனைத்த துணியும் எடுத்து புளொக்கின் பக்கத்தைத் தேய்த்து வார்ப்பில் எழும்பி நிற்கும் இலக்கத்தைத் தேடுங்கள். 948 புளொக்கில் 950 என்றும், 1098-இல் 1100 என்றும் இருக்கும். என்னுடையதில் 950 இருந்தது. பச்சைப் பெயின்ற்றுக்கும் முப்பது வருச ஒயில் அழுக்குக்கும் அடியில் இருந்தது, அவ்வளவுதான்.

சிலிண்டர் வாயை மட்டும் நம்பினால் நான் ஏமாந்த மாதிரியே ஏமாறலாம். 948-இன் புது அளவு 62.9 மில்லிமீற்றர். அறுபது தௌ என்றால் ஒன்றரை மில்லிமீற்றர். கூட்டிப் பாருங்கள், 64.4. 1098-இன் புது அளவிலிருந்து மயிரிழைதான் வித்தியாசம். ஸ்ரோக் அப்படி இல்லை. அதை லேத்தில் மாற்ற முடியாது. 76.2-க்கும் 83.7-க்கும் இடையில் ஏழரை மில்லிமீற்றர் இடைவெளி, பள்ளிக்கூட அடிமட்டமே காட்டிக்கொடுக்கும். ஆனால் ஹெட் கழன்றிருக்கவேண்டும். பிளக் ஓட்டை சரிந்திருப்பதால் அதற்குள் கம்பி விட்டு அளப்பது சரிவராது.

ஹெட்டிலும் ஒரு வார்ப்பு இலக்கம் உண்டு. றொக்கர் கவரைக் கழற்றினால் தெரியும். 2ஏ629 சின்ன எஞ்சின்களில் வருவது, 12ஜி202 என்பது 1098-உடையது, 12ஜி940 என்றால் அதே குடும்பத்தின் 1275 சிசி எஞ்சினுடையது. ஹெட்டுகள் கை மாறித் திரிந்தவை. ஆகவே இந்த இலக்கம் ஹெட்டைப் பற்றி மட்டும்தான் பேசும். 948-இல் 12ஜி202 பூட்டியிருந்தால் பயப்படாதீர்கள். வால்வு பெரிது, எரியும் அறையும் கொஞ்சம் பெரிது. கம்பிறெஷன் சற்றுக் குறையும்.

கையோடு கொண்டு போகவேண்டியது

ரோச் லைற், சின்னக் கண்ணாடி ஒன்று, வயர் பிரஸ், அடிமட்டம், பீலர் கேஜ், பிளக் ஸ்பனர், கம்பிறெஷன் கேஜ், ஒரு போத்தல் எஞ்சின் ஒயில், நல்ல பற்றறி, தடித்த கேபிள், காந்தம், வெள்ளைத் துணி. மைனரின் ஸ்ராட்டிங் ஹான்டில் உங்களிடம் இருந்தால் அதுவும். வெள்ளைத் துணியைக் கண்டால் சிலர் சிரிப்பார்கள். டிப் ஸ்ரிக்கை அதில் துடைத்துப் பார்த்த பிறகு சிரிக்கமாட்டார்கள்.

தொடாமல் பார்ப்பது

மாங்கனி மாதிரிச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். புளொக்கின் பக்கங்களில், குறிப்பாகத் தண்ணீர் நிற்கும் இடங்களுக்கு அருகே, நெடுக்காக ஓடும் வெடிப்பு, வெல்டிங் தடம், சீமெந்துபோல் அப்பிய பிசின். நம்மூரில் குளிர் இல்லை, தண்ணீர் உறைந்து புளொக் வெடிப்பதும் இல்லை. இங்கே வெடிப்பது வேறு காரணத்தால்: தண்ணீர் வற்றிக் கொதித்த எஞ்சினில் கிணற்றுத் தண்ணீரைச் சட்டென்று ஊற்றுவதால்.

அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் குடாநாட்டு எஞ்சின்களின் மறைமுக எதிரி. சுண்ணாம்புக்கல் நிலம், கேத்தல் அடியில் வெள்ளையாய்ப் படிவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். அதே படிவு சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறைக்குள்ளும் வருசக்கணக்காய் ஏறியிருக்கும். புளொக்கின் பின்பக்கத்தில் தண்ணீர் திறக்கும் சின்ன டப் இருக்கிறது. திறந்து பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் கம்பி விட்டுக் குத்துங்கள். செம்மண் சாந்துபோல ஒன்று வந்தால் புளொக்கை அமிலத் தொட்டியில் போட்டுக் கழுவவேண்டி வரும். அதை விலையில் கழியுங்கள். புளொக்கின் வார்ப்பு ஓட்டைகளை மூடும் தகர மூடிகளான வெல்ஷ் பிளக்குகள் துருப்பிடித்திருப்பது பெரிய விசயம் இல்லை, சின்னச் சாமான். ஆனால் அது உள்ளே என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி.

பின்னால் கிளச் அறைப் பக்கம் ஒயில் வடிந்திருந்தால் உடனே முகம் சுளிக்காதீர்கள். இந்த எஞ்சினின் கிராங் பின்முனையில் ஒயில் சீலே கிடையாது. ஒயிலை உள்ளே திருப்பி அனுப்பும் புரிதான் இருக்கிறது. கொஞ்சம் வடிவது பிறவிக் குணம். நிறைய வடிந்தால் றிங் தேய்ந்து உள்ளே காற்றழுத்தம் கூடியிருக்கலாம், அல்லது அந்தக் காற்றை வெளியே விடும் பிறீதர் குழாய் அடைத்திருக்கலாம்.

பிளைவீல் பல்லையும் ஒருக்கால் சுழற்றிப் பாருங்கள். நாலு சிலிண்டர் எஞ்சின் நிறுத்தும்போது எப்போதும் ஏறக்குறைய அதே இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும். ஸ்ராட்டர் கடிக்கும் பற்கள் அந்த இரண்டு இடத்திலும்தான் தேயும்.

ஹான்டில் சொல்வது

கேஜ் இல்லாத காலத்து மெக்கானிக்மார் ஹான்டிலைப் போட்டுத்தான் எஞ்சினைப் பார்த்தார்கள். இன்றைக்கும் எனக்கு அதில்தான் முதல் நம்பிக்கை. பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வையுங்கள். திருப்பி அடித்தால் பெருவிரல் முறியும். மெல்லச் சுழற்றுங்கள். இரண்டு சுற்றுக்கு நாலு தரம் கை கனக்கவேண்டும், நாலு கனமும் ஒரேயளவாய் இருக்கவேண்டும். ஒன்று பஞ்சுபோல் போனால் அந்தச் சிலிண்டரில் குறை. கனத்த இடத்தில் ஹான்டிலைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கனம் மெல்ல மெல்லக் கரைந்தால் நல்லது. சட்டென்று விட்டுப்போனால் வால்வோ றிங்கோ பிடிக்கவில்லை.

இறுகிப்போன எஞ்சின் என்றால் பலவந்தம் பண்ணவேண்டாம். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து விட்டு நாலைந்து நாள் விடச் சொல்லுங்கள். விடமாட்டேன் என்பவரிடம் இறுகிய எஞ்சின் விலைதான் கொடுக்கலாம்.

கிராங் முன்பின் ஆட்டத்தையும் இப்போதே பார்த்துவிடலாம். கிராங்கின் முன் கப்பியை ஸ்குறூ டிறைவரால் நெம்பி முன்னும் பின்னும் தள்ளுங்கள். இரண்டு மூன்று தௌதான் இருக்கவேண்டும். கண்ணுக்குத் தெரிய ஆடினால், கிராங்கைத் தாங்கும் நடு மெயின் பெயரிங்கில் இருக்கும் திரஸ்ற் வாஷர் தேய்ந்திருக்கிறது. வாஷர் மலிவு. ஆனால் அது விழுந்த பிறகும் ஓட்டியிருந்தால் கிராங்கையும் புளொக்கையும் தின்றிருக்கும். அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பைக் கழற்றாமல் அது தெரியாது.

கம்பிறெஷனும் காற்றும்

முடிந்தால் எஞ்சின் சூடாய் இருக்கும்போது, நாலு பிளக்கும் கழற்றி, காபரேற்றர் பட்டர்பிளையை முழுக்கத் திறந்து, நல்ல பற்றறியில் ஸ்ராட்டரை ஓட்டி அளங்கள். பட்டர்பிளை மூடியிருந்தால் நல்ல எஞ்சினும் கெட்டதாய்க் காட்டும். எத்தனையோ பேர் இதில் தவறுகிறார்கள். உயர் கம்பிறெஷன் எஞ்சின் நல்ல நிலையில் சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல் அளவில் நிற்கும். எல் எழுத்து எஞ்சின் அதற்குக் கீழே. எண்ணைவிட முக்கியம் நாலும் ஒத்துப்போவது. பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணம் தேடுங்கள். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு மேசைக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளங்கள். ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்து ஒயிலுக்கும் அசையாவிட்டால் இடையில் கஸ்கெற் போயிருக்கிறது.

ரயர்க் கடையில் கொம்பிறெசர் இருந்தால் இன்னும் நல்லது. பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, உடம்பில் காற்று நிப்பிளை வெல்ட் பண்ணி வைத்திருக்கிறேன். சிலிண்டரை உச்சியில், இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்தி, பிளைவீலைப் பிடித்துக்கொண்டு காற்றை விட்டுக் காது கொடுங்கள். காபரேற்றரில் சீறினால் உள்வால்வு. சைலன்சர் பக்கம் சீறினால் வெளிவால்வு. ஒயில் ஊற்றும் வாயில் என்றால் றிங். றேடியேற்றர் வாயில் குமிழ் வந்தால் கஸ்கெற் அல்லது வெடிப்பு. கேஜ் எண் மட்டும் சொல்லும். காற்று இடத்தைக் காட்டும்.

ஹெட் கழன்றால்

விற்பவர் ஹெட்டைக் கழற்ற விட்டால் அரைவாசிச் சந்தேகம் தீர்ந்தது. கஸ்கெற் செலவை நானே தருகிறேன் என்று சொல்லுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்.

பிஸ்ரன் தலையில் கரியைச் சுரண்டினால் 020, 030, 040, 060 என்று அடித்திருக்கும்; ஒன்றும் இல்லாவிட்டால் முதல் அளவு. 060 கண்டால் அந்தப் புளொக்கின் றீபோர் வாழ்க்கை முடிந்தது என்று வையுங்கள். இனி சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்கி ஸ்லீவ் போடவேண்டும். அது செய்யக்கூடிய வேலைதான், விலையில் காட்டவேண்டிய வேலையும்கூட.

பிறகு சிலிண்டர் சுவரின் உச்சியில் றிங் தொடாத விளிம்பை நகத்தால் தடவுங்கள். நகம் தட்டி நின்றால் நல்ல தேய்வு. மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு எடுத்து எட்டுப் பத்துத் தௌ வித்தியாசம் வந்தால் றீபோர் தவிர வழியில்லை. சுவரில் நேராக ஓடும் ஒற்றைக் கீறலைத் தனியாகக் கவனியுங்கள். 948-இல் பிஸ்ரன் பின்னை, பிஸ்ரனையும் கிராங்கையும் இணைக்கும் கொன்றொட்டின் மேல்முனையில் ஒரு போல்ற் இறுக்கிப் பிடிக்கிறது. அது தளர்ந்தால் பிஸ்ரன் பின் பக்கவாட்டில் நழுவிச் சுவரைக் கீறும். 1098-இல் அந்த வேலையை இரண்டு சேர்க்கிளிப் செய்கின்றன. ஒன்று கழன்றாலும் அதே கதை. அப்படிக் கீறிய சிலிண்டருக்குத் தேய்வளவு கணக்கில்லை, கீறலின் ஆழம்தான் கணக்கு.

ஹெட்டைக் கவிழ்த்து இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களின் வால்வு இருக்கைகளை நன்றாய்த் துடைத்துப் பாருங்கள். இந்த ஹெட்டில் மூன்று புகைவழிதான். நடுவழியை இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்கள் பங்குபோடுகின்றன. ஆகவே சூடு கூடிய இடம் அது. இருக்கைக்கும் இருக்கைக்கும் இடையில் மயிர்போல வெடிப்பு வருவது அங்கேதான். வால்வுகள் இருக்கைக்குள் புதைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஈயம் கலந்த பெற்றோலுக்கென்று செய்த இரும்பு இருக்கை இது. ஈயமில்லாப் பெற்றோலில் மெல்ல மெல்லப் புதையும். லேத்தில் கடினமான இருக்கை வளையம் போட்டால் தீரும்.

இன்னொரு வசதி உண்டு, பலர் பயன்படுத்துவதில்லை. காபரேற்றரும் சைலன்சர் குழாயும் பூட்டும் மைனிபோல்ட் பக்கத்தில் இரண்டு டப்பெற் கவர்கள் இருக்கின்றன; வால்வைத் திறக்கும் புஷ்றொட்டைக் கீழிருந்து தள்ளும் துண்டுதான் டப்பெற். மைனிபோல்ட்டைக் கழற்றி, கவர்களையும் கழற்றி, புஷ்றொட்டை எடுத்தால், டப்பெற்றைக் கையாலேயே வெளியே எடுக்கலாம். அதன் அடிமுகம் கண்ணாடிபோல இருக்கவேண்டும். அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்திருந்தால் டப்பெற்றைத் தள்ளும் தண்டான கம்சாப்ட்டும் போய்விட்டது. எஞ்சினைப் பிரிக்காமலே கம்சாப்ட்டின் நாடி பிடித்துப் பார்க்கிற வழி இது. இந்தக் கவர்களே இல்லாத எஞ்சின் என்றால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் 1275.

சம்புக்குள்

எஞ்சின் காரில் இல்லாமல் தரையில் கிடந்தால் சம்பைக் கழற்றுவது அரை மணிநேர வேலை. அடியில் படிந்த சேற்றைக் காந்தத்தால் கிளறுங்கள். காந்தம் இழுப்பது இரும்பு. இழுக்காமல் வெள்ளியாய் மினுங்குவது பெயரிங்கின் வெள்ளை உலோகம். செம்பு நிறம் கண்டால் பெயரிங் மேல்பூச்சுத் தேய்ந்து உள்வயிறு வந்துவிட்டது.

ஒரு கொன்றொட் மூடியை மட்டும் கழற்றுங்கள். நான் மூன்றாவதைத் தெரிவு செய்வேன், காரணம் கேட்டால் பழக்கம் என்பேன். பெயரிங் ஓட்டின் முதுகில் 010, 020 என்று அடித்திருக்கும். கிராங் எத்தனை தரம் கடைந்தது என்பதற்கு அதுதான் பதிவேடு. 040-க்குப் பிறகு அந்தக் கிராங்கை வாங்கவேண்டாம். 948-இலும் 1098-இலும் கொன்றொட் முனை முதல் அளவில் 1.625 அங்குலம், மெயின் 1.75. மைக்றோமீற்றரால் இரண்டு திசையில் அளந்து, இரண்டு தௌவுக்கு மேல் வட்டம் கெட்டிருந்தால் கடையவேண்டும். திரும்பப் பூட்டும்போது கொன்றொட்டுக்கு 35, மெயினுக்கு 60, ஹெட் நட்டுக்கு 40 இறாத்தல்-அடி. அடுத்தவரின் எஞ்சினைக் கழற்றியவர் சரியாய்ப் பூட்டிக் கொடுப்பது மரியாதை.

1098 வாங்குபவர்கள் கிராங்கை வெடிப்புச் சோதனைக்குக் கொடுக்காமல் கடையக் கொடுக்கவேண்டாம். நீண்ட ஸ்ரோக், மூன்று மெயின் மட்டும். உயர்வேகத்தில் ஓட்டித் துன்புறுத்தியதென்றால் வெடிப்பு மூலையில் ஒளிந்திருக்கும். சாய மருந்து பூசிப் பார்க்கும் சோதனை மலிவு.

மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்

தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது வடக்கில் ஓடிய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஊரெல்லாம் வெள்ளைப் புகை. அந்த எஞ்சின்கள் இன்னும் சந்தைக்கு வருகின்றன. ஆபத்து இது: எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்கி, அங்கேயுள்ள ஒயிலையும் தண்ணீராக்கும். மேலே சிலிண்டரும் கீழே பெயரிங்கும் ஒன்றாய்த் தேயும். வெளிவால்வு கரியும்.

அப்படி ஓடிய எஞ்சினை அடையாளம் காண, மைனிபோல்ட் உள்ளே பாருங்கள், தடித்த கறுப்புப் படிவு இருக்கும். காபரேற்றரில் ஓட்டையிட்டு அடைத்த தடம், பெற்றோல் சொட்டவிட்ட சின்னக் குழாயின் மிச்சம் இருக்கும். ஹெட்டின் கீழ் இரட்டைக் கஸ்கெற் கண்டால் கம்பிறெஷனை வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். அங்கே நீங்கள் அளந்த எண் பொய். அதற்காக ஒதுக்கவேண்டும் என்றில்லை. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றி ஓடிய எஞ்சின்களும் இவைதான். றீபோரும் கிராங் கடைதலும் கட்டாயம் என்று வைத்து விலை பேசினால் போதும்.

கடைசியாக, ஓடவிட்டு

போகும்போது எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாய் இருந்தால் நீங்கள் வருமுன் ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். தேநீர் குடித்துவிட்டு ஆறும் வரை இருங்கள். குளிரில் கேட்கும் "டக் டக்" சூடேறியதும் போனால் பிஸ்ரன் தட்டுவது, அவ்வளவு மோசமில்லை. வேகத்தைக் கூட்டி விடும்போது அடியில் கேட்கும் கனத்த தட்டல் கொன்றொட். பாரத்தில் உறுமும் ஆழ்ந்த இரைச்சல் மெயின். ஒவ்வொரு பிளக் வயராய்க் கழற்றுங்கள்; எதைக் கழற்றும்போது தட்டல் அடங்குகிறதோ அந்தச் சிலிண்டர்தான்.

மைனர் 1000-இல் ஒயில் விளக்கு மட்டும்தான், கேஜ் இல்லை. அந்த விளக்கு அணைந்ததை வைத்து எஞ்சின் நல்லது என்று யாரும் சொன்னால் கேட்கவேண்டாம். சுவிட்ச்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜைப் பூட்டுங்கள். சூடான எஞ்சின் வேகத்தில் 60 இறாத்தல், ஐடிலில் 15-க்குக் குறையாமல். நீலப் புகை முடுக்கும்போது வந்தால் றிங். இறக்கத்தில் காலை எடுத்துத் திரும்ப மிதிக்கும்போது மட்டும் வந்தால் வால்வுக் குழாய்.

றொக்கர் சத்தம், ரைமிங் செயின் கிலுகிலுப்பு, தண்ணீர்ப் பம்ப் ஒழுக்கு, தேய்ந்த டிஸ்றிபியூற்றர் இவற்றுக்கெல்லாம் நான் ஒரு சல்லியும் குறைத்துக் கேட்பதில்லை. வால்வு இடைவெளியைக் குளிரில் 12 தௌ வைத்தாலே பாதிச் சத்தம் அடங்கும். அழகாய்ப் பெயின்ற் அடித்திருக்கிறது என்பதற்காக ஒரு சல்லி கூட்டிக் கொடுப்பதும் இல்லை.

கடதாசி

உங்கள் காரின் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் எழுதியிருக்கிறது. வேறு எஞ்சின் ஏற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்து மாற்றியெடுக்கவேண்டும்; இல்லாவிட்டால் காரை விற்கும்போது இடறும். ஆகவே விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், எஞ்சின் இலக்கம், எந்தக் காரிலிருந்து கழற்றியது என்ற விபரத்தோடு கையெழுத்து வைத்த பற்றுச்சீட்டு வாங்குங்கள். தகடு இல்லாத, இலக்கத்தை அரத்தால் தேய்த்த புளொக் எவ்வளவு மலிவாய்க் கிடைத்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். உங்கள் பழைய புளொக்கையும் எறியவேண்டாம். புத்தகத்தில் இருக்கும் இலக்கத்தோடு பொருந்துவது அதுதான். ஸ்லீவ் போட்டால் அதுவே திரும்ப எழும்பலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஏற்றும்போது றொக்கர் கவரிலோ சம்பிலோ கயிறு போடவேண்டாம். ஹெட் ஸ்ரட்டுகளில் இரும்புத் துண்டு பூட்டித் தூக்குங்கள். லொறியில் சம்பு நசுங்காமல் இரண்டு பழைய ரயருக்கு மேல் வையுங்கள். காபரேற்றர் வாய், சைலன்சர் வழி, தண்ணீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் துணி சுற்றி அடையுங்கள். துணியின் வால் வெளியே தெரியட்டும், மறந்து பூட்டிவிடாமல் இருக்க. பழைய ஒயிலைத் திறந்து விட்டு, பிளக் ஓட்டைகளில் கொஞ்சம் புது ஒயில் விட்டு பிளக்கை மூடுங்கள். லேத்தில் முறை வரும் வரை கிழமைக்கு ஒருக்கால் ஹான்டிலைப் போட்டு ஒன்றேகால் சுற்றுச் சுழற்றிவிடுங்கள். முழுச் சுற்றில் நிறுத்தினால் பிஸ்ரன்கள் திரும்பவும் அதே உயரத்துக்கே வந்துவிடும். எங்கள் உப்புக்காற்றில் றிங்கும் சுவரும் ஒரே இடத்தில் துருவேறிப் பிடித்துக்கொள்ளும்.